வெறும் தண்ணீரில் மீன்

ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை இப்போதெல்லாம் ஒரே எண்ணில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இணையத்தில் பெயரைத் தட்டினால் போதும். அவர் எழுதிய கட்டுரைகளை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று கணக்கு வந்து நிற்கும். சைட்டேஷன் என்பார்கள். பதவி உயர்வு, ஆராய்ச்சிப் பணம், ஆய்வகத்தில் ஜன்னலோரத்து மேஜை எல்லாம் அதைப் பார்த்துத்தான். என்னுடைய எண் சுமார்தான். அதிலும் பெரும்பகுதி நான் இளவயதில் வெளிநாட்டில் இருந்தபோது வந்த ஒரே கட்டுரைக்கு. அதில் ஏகப்பட்ட ஆசிரியர்கள், நடுவில் எங்கேயோ நான். எடுத்துக்காட்டியவர்களில் பாதிப் பேராவது அதைப் படித்திருப்பார்களா என்பதே எனக்குச் சந்தேகம். என் சொந்த மூளையில் உதித்த கட்டுரைகளை நானும் என் மாணவர்களும்தான் மாறி மாறி எடுத்துக்காட்டிக்கொண்டிருந்தோம்.

அப்பாவுக்குக் கல்கத்தா துறைமுகத்தில் வேலை. திருநெல்வேலியிலிருந்து என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படித்ததும் வளர்ந்ததும் இங்கேதான். கோபம் வந்தால் எனக்குப் பெங்காலியில் வரும், வயிறு வலித்தால் தமிழில் வரும். அப்பா போன பிறகு அம்மாவும் நானும் டாக்குரியாவில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களை அம்மாவே கவனித்துக்கொள்வாள். எங்கள் வீடு சுத்த சைவம். முட்டை போட்ட கேக்குகூட வாசல் தாண்டாது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண் வாழ்நாள் முழுக்க மீனின் மரபணுவைக் குடைந்துகொண்டிருக்கிறேன். ஊரில் யாராவது விசாரித்தால் அம்மா, "மைக்ராஸ்கோப்பு வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள்.

மீன் என்றால் இங்கே வேறு எந்த மீன், பெங்காலிகள் உயிரை விடும் இலிஷ்தான். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறும் மீன். கல்கத்தாவிலிருந்து வெகுதூரம் மேலே போனால் ஆற்றின் குறுக்கே பெரிய அணைக்கட்டு ஒன்று இருக்கிறது. அது வந்த பிறகு, அதற்கு மேலே இலிஷ் போவது ஏறக்குறைய நின்றுவிட்டது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த 'ஏறக்குறைய' மீதுதான் கண். ஒன்றிரண்டாவது இன்னும் தாண்டிப் போகிறதா? போகிறது என்று காட்டிவிட்டால் அணையில் மீனுக்கு வழி விடும்படி வற்புறுத்தலாம். அடியோடு இல்லை என்றால் பேசுவதற்கே ஒன்றுமில்லை. எனக்கு ஓய்வு வருவதற்குள் இதற்கு ஒரு பதில் தெரிந்தாக வேண்டும் என்று மனதில் பிடித்துக்கொண்டேன்.

வலை போட்டுத் தேட எங்களிடம் ஆளும் இல்லை, படகும் இல்லை. ஆனால் மீன் போகிற இடமெல்லாம் தண்ணீரில் கொஞ்சம் செதிள், கொஞ்சம் வழவழப்பு என்று தன்னை விட்டுவிட்டுத்தான் போகும். அந்தத் தண்ணீரை மொண்டு வந்து, மெல்லிய தாளில் வடிகட்டி, தாளில் ஒட்டியிருக்கும் மரபணுவைப் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு ஒரு சின்னக் குழாயில் போட்டு, பிசிஆர் என்ற இயந்திரத்துக்குள் வைத்தால், இலிஷின் மரபணு துளி இருந்தாலும் அது கோடிக்கணக்கில் பிரதியெடுத்துக் கொடுக்கும். கடைசியில் இருட்டு அறையில் பார்த்தால் ஒரு கோடு ஒளிரும். கோடு இருந்தால் மீன் இருந்தது. நானும் என் ஆய்வு மாணவியும் ரயிலேறிப் போய் அணைக்கு மேலே படித்துறை படித்துறையாகத் தண்ணீர் பிடித்து வந்தோம்.

கோடு வந்தது. ஒரு இடத்தில் இல்லை, ஏறக்குறைய எல்லாப் படித்துறையிலும் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளிநாட்டுப் பெரிய இதழ் ஒன்றுக்கு எழுதி அனுப்பினோம். இதழுக்காகப் படித்துப் பார்த்த நிபுணர்கள் புகழ்ந்துவிட்டு, இன்னும் சில வெறும் தண்ணீர்ச் சோதனைகளை மட்டும் செய்து அனுப்பும்படி கேட்டார்கள். ஆற்றுத் தண்ணீருக்குப் பதில் சுத்தமான தண்ணீரை வைத்து அதே வேலையைச் செய்வது, கோடு வரக்கூடாது. எங்கள் பிரிவுத் தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இது மட்டும் வெளிவரட்டும், சைட்டேஷன் கொட்டும். குளிர்கால இன்டர்வியூவில் நீங்கள் பேராசிரியர்" என்றார். அதுதான் எனக்குக் கடைசி இன்டர்வியூ. அதற்கடுத்தது வருவதற்குள் எனக்கு ஓய்வு வந்துவிடும்.

மழைக்காலம். மாணவி வெறும் தண்ணீரை வைத்துச் சோதனை செய்தாள். கோடு வந்தது.

"குழாயை மாத்தி வச்சிட்டியா?" என்று கத்தினேன். அவள் மறுபடி செய்தாள். மறுபடி கோடு. பழைய மருந்தையெல்லாம் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கினோம், கோடு வந்தது. மேஜையை ப்ளீச் போட்டுத் தேய்த்தோம், அதற்கும் வந்தது. வெறும் தண்ணீரில் மீன் துள்ளுகிறதே, இதென்ன கூத்து என்று எனக்கு ரத்தம் கொதித்தது. கடைசியில் எரிச்சலோடு, "தள்ளு, நானே செய்யறேன்" என்று உட்கார்ந்து செய்தேன். கோடு வரவில்லை. அவள் செய்தாள், வந்தது. நான் செய்தேன், வரவில்லை. அவள் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "தீதி, நான் அவ்வளவு மோசமாவா வேலை செய்றேன்?" என்றாள். என்னை அக்கா முறையில் தீதி என்றுதான் கூப்பிடுவாள்.

மறுநாள் மதியம் எங்கள் கருத்தரங்கு அறையில், அரிசியும் பருப்பும் குழைய வேகவைத்த கிச்சுரியும் வறுத்த இலிஷும். நல்ல மழை பெய்தால் எங்கள் நிறுவனத்தில் அது வழக்கம். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, கீழே மெஸ்ஸில் சொல்லி, தட்டு தட்டாக மேலே வரும். எல்லாரும் கையால் பிசைந்து, முள்ளை ஒவ்வொன்றாக உருவி, சொர்க்கத்தில் இருப்பார்கள். நான் மட்டும் மூலையில் தயிர்சாதத்தோடு உட்கார்ந்திருப்பேன், அவர்கள் என்னைக் கேலி செய்வார்கள். அன்றைக்கும் கேலி செய்தார்கள். மாணவி கையை சோப்புப் போட்டு நன்றாகத்தான் கழுவினாள். கழுவிவிட்டு, திறந்த கதவு வழியே எனக்குத் தெரிந்த ஆய்வக மேஜைக்குப் போய், பெட்டியிலிருந்து ஒரு கையுறையை உருவி, விரலால் அதன் வெளிப்புறத்தைப் பிடித்து இழுத்து மாட்டினாள். நான் வாயில் வைத்த தயிர்சாதத்தை விழுங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் இங்க வாங்க!" என்றேன். ஒவ்வொருவரும் மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினார்கள். ஒவ்வொருவரின் விரல்நுனியையும் ஒரு சொட்டு சுத்தத் தண்ணீரில் தொடச் சொல்லி, அந்தத் தண்ணீரை இயந்திரத்தில் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் எல்லார் விரலும் ஒளிர்ந்தது. பிரிவுத் தலைவருடையது எல்லாவற்றையும்விடப் பிரகாசம்; இரண்டு துண்டு சாப்பிட்டிருந்தார். என்னுடையது மட்டும் இருட்டாக இருந்தது. "ஓரே பாபா!" என்று மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினோம். ஆற்றுத் தண்ணீரையும் இதே கைகள்தானே வடிகட்டின? அந்தக் கோடுகள் எல்லாம் ஆற்று மீனா, மதியச் சாப்பாட்டு மீனா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

பிரிவுத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்களே உட்கார்ந்து வெறும் தண்ணீர்ச் சோதனையை மட்டும் செய்யுங்கள். சுத்தமாக வரும். அதை அனுப்புங்கள். யார் கேட்கப் போகிறார்கள்?" என்றார்.

"நான் கேப்பேன் சார்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வெளியே தட்டச்சு நின்றுபோனது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். குளிர்காலத்தில் இன்டர்வியூவுக்கு வெறுங்கையோடு போனேன். எதிரே இருந்தவர் மடிக்கணினியில் என் எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அடுத்த முறை பார்க்கலாம்" என்றார், அடுத்த முறை கிடையாது என்று தெரிந்தே. வெளியே வந்து பஸ் பிடித்து, கரியாஹாட் கடைவீதியில் இறங்கி, ஒரு மண்குவளைத் தேநீர் வாங்கிக் குடித்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பதவி போனால் போகட்டும், மீன் இருக்கிறதா இல்லையா என்பது தெரியவில்லையே என்றுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

மறுபடி முதலிலிருந்து செய்யலாம் என்றால் எங்கே செய்வது? கல்கத்தாவில் இலிஷ் வாடையே படாத அறை எங்கே கிடைக்கும்? எங்கள் நிறுவனத்தில் சுவர்கூடச் சாப்பிட்டிருக்கும். இப்படிப் புலம்பிக்கொண்டே ஒரு காலை அம்மாவின் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கையிலிருந்த கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றேன். புதுக் கட்டடமாக வாங்கின ஃப்ளாட் இது. எங்களுக்கு முன்னால் யாரும் குடியிருந்ததில்லை. இந்த அறைக்குள் ஒரு மீன் செதிள்கூட நுழைந்ததில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கரண்டியோடு திரும்பினாள்.

"ஏட்டி, ஒனக்குக் கூறு இருக்கா? ஆத்துத் தண்ணிய இங்ஙன கொண்டாந்து வடிகட்டப் போறியா? அதுல மீன் கெடந்துதா இல்லியா?"

"அதத் தெரிஞ்சுக்கத்தானம்மா இவ்வளவு பாடு."

"கெடந்துதுன்னா அது எம் வீட்டுக்குள்ள வரக்கூடாது. கெடக்கலன்னா அத எதுக்குச் சொமந்துட்டு வார?"

வாழ்நாளில் எந்த ஆய்வுக்குழுவும் என்னை இப்படி மடக்கியதில்லை. இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் அவள் இறங்கி வந்தாள், ஆனால் நிபந்தனையோடு. ஆபீஸ் துணியோடு உள்ளே வரக்கூடாது. தலைக்குக் குளித்துவிட்டு, வீட்டில் துவைத்துக் காயவைத்ததை உடுத்திக்கொண்டுதான் சமையலறைக்குள் கால் வைக்கணும். கைப்பையும் செருப்பும் வாசலோடு சரி. அவள் பாத்திரம் எதையும் தொடக்கூடாது, வேலை முடிந்ததும் மேடையைக் கழுவி விடணும். கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. பணம் கொட்டிக் கட்டும் சுத்த ஆய்வகங்களின் விதியும் இதேதான். பின்னால் கட்டுரையில் செய்முறை என்ற தலைப்பின் கீழ் அம்மாவின் நிபந்தனைகளைத்தான் இங்கிலீஷில் எழுதினேன்.

தண்ணீர் பிடிக்க வருகிறவர்களும் மீன் தொடாதவர்களாக இருக்க வேண்டுமே. மாணவியின் ஆய்வு வேறு தலைப்பில் முடிந்துகொண்டிருந்தது, அவள் வர வேண்டிய கட்டாயமே இல்லை. "நான் சைவமா இருக்கேன் தீதி" என்றாள், முகத்தை உயிலெழுதுகிறவள் மாதிரி வைத்துக்கொண்டு. அதுவும் இலிஷ் சீசனில்! மூன்றாம் நாளே அவள் அம்மா எனக்குப் போன் செய்து, பெண்ணுக்கு உடம்புக்கு ஏதாவதா, தன்னிடம் மறைக்கிறாளா என்று கேட்டார். ஒருவழியாக விளங்க வைத்தேன். வேலை முடியும்வரை அவள் எங்கள் வீட்டிலேயே தங்கிச் சொதியும் அவியலும் சாப்பிட்டாள். அம்மாவுக்கு அவள் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. "நீயும் இருக்கியே, இவளப் பாரு, என்ன பொறும!" என்று எனக்கே திட்டு விழுந்தது.

அணைக்கு மேலே போய், மீன்படகு எதிலும் ஏறாமல், படித்துறையில் நின்று நீளக் கம்பியில் புட்டியைக் கட்டித் தண்ணீர் பிடித்தோம். கூடவே சுத்தத் தண்ணீர்ப் புட்டிகளையும் அங்கே திறந்து மூடி எடுத்து வந்தோம். சமையலறை மேடையில் கைப்பம்பை வைத்து மணிக்கணக்கில் வடிகட்டினோம். அந்த நாட்களில் அம்மா வாசற்காவல். எதிர் ஃப்ளாட்டுக்காரம்மா, அண்ணி முறையில் பௌதி என்போம், வழக்கம்போல அரட்டைக்கு வந்தால், கதவைக் கையால் மறித்துக்கொண்டு தன் உடைந்த பெங்காலியில், "எகோன் நா, எகோன் நா" என்று இப்போது வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிடுவாள். "மதியம் என்ன சாப்ட்டாளோ!" என்று உள்ளே வந்து என்னிடம் தமிழில் சொல்லுவாள். பௌதி கோபித்துக்கொண்டு ஒரு மாதம் பேசவில்லை.

குழாய்களை வீட்டிலேயே நிரப்பி மூடினோம். மூடிவிட்டால் பிறகு பயமில்லை, எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். ஆய்வக இயந்திரத்தில் வைத்து, இருட்டு அறையில் பார்த்தோம். வெறும் தண்ணீர் எல்லாம் இருட்டு. முதல் படித்துறை இருட்டு. அதற்கடுத்ததும் இருட்டு. வரிசையாக எல்லாமே இருட்டு. ஒரே ஒரு படித்துறை, ஒரு கிளையாறு வந்து சேரும் இடம், அங்கே பிடித்த தண்ணீரில் மட்டும் மெல்லிசாக ஒரு கோடு. மறுபடி செய்தோம், அதே இடம், அதே கோடு. மாணவி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக வந்தன. முன்னால் வந்த கோடுகள் பெரும்பாலும் சாப்பாடுதான் என்பதும் அன்றைக்கே தெரிந்துபோனது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "ஒரே ஒரு எடத்துலதாம்மா."

"ஒண்ணாவது இருக்குல்லா" என்றாள் அம்மா.

பெரிய இதழ் எதுவும் ஒற்றைக் கோட்டுக்கு இடம் தரவில்லை. உள்நாட்டுச் சின்ன இதழ் ஒன்றில் வந்தது. ஒரு கருத்தரங்கில் சொன்னபோது முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "அந்தப் படித்துறைக்கு மேலே சாப்பாட்டுக் கடை இருக்கிறதா, மேடம்?" என்று கேட்டார். இருந்தது. "அப்படியானால் தட்டு கழுவின தண்ணீராக இருக்கலாமே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கடைக்காரர் இலிஷ் சமைப்பதில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார், ஆனால் அதை வைத்து என்ன நிரூபிக்க முடியும்? அந்த ஆளின் மேல் எனக்கு ஆத்திரமே வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

கட்டுரை வந்த பிறகு தினமும் காலையில் காப்பியோடு அதன் எண்ணைப் பார்ப்பேன். சுழியம். அடுத்த மழைக்காலம் வந்து போயிற்று, சுழியம். வெளிநாட்டில் இளவயதில் நான் நடுவில் நின்ற அந்தப் பழைய கட்டுரை மட்டும் சும்மாவே ஏறிக்கொண்டிருந்தது. பார்ப்பதை நிறுத்திவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். மறுநாள் கை தானாகப் போகும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்கறிப் பையை இறக்கி வைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். சுழியம் ஒன்றாகியிருந்தது. திறக்கவே பயமாக இருந்தது. எடுத்துக்காட்டினால் பாராட்டு என்று அர்த்தமில்லை, கிழித்துத் தொங்கவிடுவதற்கும் எடுத்துக்காட்டுவார்கள். தட்டு கழுவின தண்ணீர்தான் என்று யாரோ நிரூபித்திருப்பார்கள் என்றே நினைத்துக்கொண்டு திறந்தேன்.

எனக்கு முன்பின் தெரியாத சின்ன வயதுக் குழு ஒன்று, வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து. எங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அந்தப் படித்துறைக்கே போயிருக்கிறார்கள். தண்ணீர் பிடித்து, சைவம் சாப்பிடுகிறவர்களை வைத்து வடிகட்டியிருக்கிறார்கள். அதோடு நிற்காமல், கிளையாறு சேரும் இடத்தில் கண் நெருக்கமான வலையை இழுத்திருக்கிறார்கள். அதில் இலிஷ் குஞ்சு வந்திருக்கிறது. படமும் போட்டிருந்தார்கள். ஈரமான ஒரு உள்ளங்கையில், பக்கத்தில் அளவுகோலோடு, விரல் நீளத்தில் வெள்ளியாக ஒரு மீன். அந்த வயதுக் குஞ்சு கடலிலிருந்து அவ்வளவு தூரம் நீந்தி வந்திருக்கவே முடியாது. அணைக்கு மேலே, அங்கேயே பொரித்த குஞ்சு அது. தட்டு கழுவின தண்ணீரில் குஞ்சு பொரிக்காது.

நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அம்மா பதறிப்போய் வந்தாள்.

"என்னட்டி? யாருக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லம்மா. மீன் இருக்காம்."

"அத நீ அன்னிக்கே சொன்னியே."

"அன்னிக்கு நான் சொன்னேன். இப்ப யாரோ போய்ப் பாத்துட்டு வந்து சொல்றாங்கம்மா."

போனை நீட்டினேன். அறுபது வருஷமாக மீன்கடை இருக்கும் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறவள், மூக்குக்கண்ணாடியை மாட்டி, போனைக் கையில் வாங்கி, நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"இம்புட்டுக்காணு இருக்கே. பாவம். விட்டுட்டாவளா?"

அதை நான் பார்த்திருக்கவில்லை. அவசரமாகத் தள்ளித் தள்ளிச் செய்முறைப் பகுதிக்குப் போனேன். அளந்து, படம் எடுத்து, பிடித்த இடத்திலேயே ஆற்றில் விடப்பட்டதாக எழுதியிருந்தது.

"விட்டுட்டாங்கம்மா."

"கடலுக்குப் போயிட்டு, பெருசாயி, திரும்ப அங்ஙன வரணும்னா அந்த அணையத் தாண்டணும்லா? இத்துனூண்டு சீவன் எப்படிட்டி தாண்டும்?"

"தாண்டும்மா," என்றேன். "இதோட அம்மா தாண்டி வந்துதானே இது அங்க இருக்கு."